செகண்ட் ஹேண்ட் கார்பன் சைக்கிள், ஃபிரேம்ல கீறல், 300 வெள்ளி டெபாசிட் போயிடுமா?

மலேசியா, பினாங்குல சுங்கை ஆரா பக்கத்துல இருந்து ஒரு தம்பி, வக்கீலான எனக்கு எழுதியிருக்காரு. கடிதம் ரொம்ப நீளம், விஷயத்த மட்டும் சொல்றேன். ஞாயித்துக்கிழமை ஒண்ணா சைக்கிள் ஓட்டுற குரூப்ல தெரிஞ்ச ஒருத்தர், கார்பன் ரோட் பைக் 2,800 வெள்ளிக்கு (ரிங்கிட்) விக்கிறேன்னு போட்டோ அனுப்பியிருக்காரு. தம்பி வாட்ஸாப்ல "அண்ணே எங்கயாச்சும் விழுந்திருக்கா"ன்னு கேக்க, அவரு "இல்ல தம்பி, வீட்டுக்குள்ளயே வச்ச வண்டி"ன்னு டைப் பண்ணியிருக்காரு. தம்பி அன்னிக்கு ராத்திரியே 300 வெள்ளி டெபாசிட் டிரான்ஸ்ஃபர் பண்ணிட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு பாலம் தாண்டி ஜூரு போய் பாத்தா ஹெட் டியூப்புக்கு (ஹேண்டில் சொருகுற முன்பக்கக் குழாய்) பின்னாடி, டவுன் டியூப் (அங்கருந்து பெடல் பக்கம் சரிஞ்சு இறங்குற குழாய்) அடிப்பக்கத்துல விரல் நீளத்துக்கு ஒரு கீறல், அதாவது கிராக் மாதிரி. "அது பெயிண்ட்தான், வேணும்னா 500 குறைச்சுக்கோ, சனிக்கிழமைக்குள்ள மிச்ச 2,000 கட்டு, இல்லன்னா டெபாசிட் கிடையாது"ங்கிறாரு. தம்பி கேக்குறது: 500 குறையுதே வாங்கிடலாமா, பின்னாடி உடைஞ்சா கேஸ் போடலாமா, இல்ல இப்பவே போலீஸ் ரிப்போர்ட் பண்ணலாமா?

தம்பி, அவரு குரூப்ல உங்கள "காசில்லாதவன்"னு கிண்டல் பண்ணது, உங்க மச்சான் முன்னாடி சத்தம் போட்டது, நாலு வருஷமா அண்ணே அண்ணேன்னு பழகுனது, இதெல்லாம் மனசுக்கு வலிக்கும், எனக்குப் புரியுது. ஆனா கோர்ட்டுல இதுக்கு எடை கிடையாது. ஒரே ஒரு கேள்விதான் இருக்கு. கீறல நீங்க எப்ப பாத்தீங்க, காசு எப்ப குடுத்தீங்க? 300 வெள்ளி குடுத்தப்போ உங்களுக்குத் தெரியாது. 2,000 குடுக்கும்போது தெரியும். இந்த ரெண்டு காசும் சட்டத்துக்கு வேற வேற காசு.

300க்கு உங்க கை ஓரளவு நல்லாவே இருக்கு. நீங்க கேள்வி கேட்டீங்க, அவரு பதில் எழுத்துல குடுத்தாரு, அத நம்பி காசு போட்டீங்க. அந்த பதில் பொய்யா இருந்தா கான்ட்ராக்ட்ஸ் ஆக்ட் 1950, செக்‌ஷன் 18, 19 படி இந்த டீல் வேணாம்னு சொல்லி காச திருப்பிக் கேக்கலாம். ஆனா செக்‌ஷன் 19லயே ஒரு விதிவிலக்கு இருக்கு, சாதாரணமா விசாரிச்சிருந்தாலே உண்மை தெரிஞ்சிருக்கும்னா அந்த உரிமை போயிடலாம். அவரு அதத்தான் பிடிப்பாரு: ஒரு பாலம் தாண்டி வந்து பாத்திருக்கலாமே, யாரு ராத்திரியோட ராத்திரியா காசு போட சொன்னதுன்னு. அதுக்கு எதிரா வாதாட முடியும், ஆனா கண்டிப்பா ஜெயிப்பீங்கன்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன்.

இப்ப 2,000 விஷயத்துக்கு வரேன். என் ஆபீஸ் படியேறி வர்றவங்க விழுற குழி இதுதான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். "500 குறைச்சுத் தரேன்"னு அவரு சொல்றது உங்களுக்கு லாபம் மாதிரி தெரியுது. ஆனா அந்த 500 கீறலுக்கான விலை. அத வாங்கிக்கிட்டா கீறலையும் சேர்த்து வாங்கிட்டீங்கன்னு அர்த்தம். உண்மை தெரிஞ்சப்புறமும் மிச்ச காச கட்டுனா, பழைய பொய்ய காட்டி டீல ரத்து பண்ற உரிமையையும் நீங்களே விட்டுக் குடுத்ததா ஆயிடும். நாளைக்கு டித்தி கெராவாங் இறக்கத்துல ஃபிரேம் ரெண்டா போனா, "இவருக்கு அப்பவே தெரியும், அதுக்குத்தான் விலை குறைச்சேன்"னு அவரு ஒரு வரி சொன்னா போதும்.

ஒரு கட்சிக்காரர் இப்படித்தான் வந்தாரு. கழுத்தெலும்பு உடைஞ்சு கை தூளியில தொங்குது, இன்னொரு கையில போன். அவரும் செகண்ட் ஹேண்ட் ரோட் பைக்தான், தெலுக் பஹாங் பக்கம் ஓட்டுனப்போ முன்பக்கம் மடங்கிடுச்சு. நஷ்டஈடு வேணும்னு வாட்ஸாப்ப திறந்து காட்டுனாரு. நான் மேல தள்ளிக்கிட்டே போனேன். வாங்குறதுக்கு மொத நாள் அவரே அனுப்புன வாய்ஸ் மெசேஜ் இருந்துச்சு: "புரோ, அடியில கிராக் இருக்குலா, கொஞ்சம் குறைச்சு குடு." அதுக்குக் கீழ ஒரு தம்ஸ் அப். நான் போன திருப்பிக் குடுத்துட்டு, ஆஸ்பத்திரி பில்ல இன்சூரன்ஸ்ல கிளெய்ம் பண்ண முடியுமான்னு பாருங்கன்னு மட்டும்தான் சொல்ல முடிஞ்சுது.

அந்தக் கட்சிக்காரர் கிராக்க பத்தி ஒண்ணும் கேக்காம வாங்கியிருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்ல. செக்‌ஷன் 17ல அந்த கான்ட்ராக்ட்ஸ் சட்டமே ஒரு குதிரைக் கதை வச்சிருக்கு. குதிரைக்கு கோளாறுன்னு தெரிஞ்சும் ஏலத்துல சும்மா இருந்து வித்தா அது மோசடி இல்ல. ஆனா வாங்குறவர், "நீ மறுக்கலன்னா குதிரை நல்லாருக்குன்னு எடுத்துக்குவேன்"னு சொல்லி, விக்கிறவர் வாயே திறக்கலன்னா, அந்த மௌனம் பேச்சுக்கு சமம். அதனாலதான் உங்களோட அந்த "விழுந்திருக்கா" மெசேஜுக்கு இவ்ளோ மதிப்பு. அத அழிச்சிடாதீங்க, ஸ்க்ரீன்ஷாட் மட்டும் பத்தாது, மொத்த சாட்டையும் எக்ஸ்போர்ட் பண்ணி வைங்க, அந்த போன விக்கவும் விக்காதீங்க.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாமான்னும் கேட்டிருக்கீங்க. 5 வெள்ளி கட்டணம், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், எல்லாம் சரிதான். ஆனா அது வியாபாரம் பண்றவங்க மேல போடுறது. தன் சொந்த சைக்கிள விக்கிற ஆள் அதுல வரமாட்டாரு. அவரு மாசா மாசம் ரெண்டு மூணு வண்டி வாங்கி விக்கிறவர்னு காட்ட முடிஞ்சா வாதாடலாம், அப்பவும் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999ல செக்‌ஷன் 32, முன்கூட்டியே குறிப்பா எடுத்துச் சொன்ன குறைய வச்சு மட்டும் பொருள் தரமில்லன்னு சொல்ல விடாது. சுத்தி சுத்தி அதே கீறல்கிட்டதான் வந்து நிப்பீங்க.

சரி, சைக்கிள் வாங்குற அளவுக்கு இருக்கான்னா, நான் மெக்கானிக் இல்ல, ஆனா இந்த மாதிரி ஃபைல்கள் பாத்ததுல தெரிஞ்சத சொல்றேன். கியர் பக்கத்துல தொங்குற ஹேங்கர் வளைஞ்சிருந்தா பயப்பட வேணாம், பல வண்டியில அது கழட்டி மாத்துற பார்ட். இரும்பு ஃபிரேம்னா நல்ல வெல்டர் சரி பண்ணலாம். அலுமினியம் வெல்ட் பண்ணா அந்த இடம் பலமிழக்கும். கார்பன்ல வெளிய விரல் நீளம் தெரியுறது உள்ள எவ்ளோ தூரம் பிரிஞ்சிருக்குன்னு கண்ணால சொல்ல முடியாது. காசால தட்டிப் பாத்தா கீறல் பக்கத்துல மட்டும் சத்தம் மொத்தையா கேக்கும்னு சொல்வாங்க, அது சந்தேகத்த கிளப்ப உதவும், நல்லாருக்குன்னு நிரூபிக்க உதவாது. உங்க வண்டியில கீறல் இருக்குற இடம், முன்னாடி நேரா மோதுனா அடி வாங்குற இடம். கம்பெனி வாரண்டிய நம்பாதீங்க, பெரும்பாலும் அது மொத ஓனருக்குத்தான், மோதுன அடிக்கு அவருக்கே கிடைக்காது. அதனால ஃபிரேமுக்கு விலை பூஜ்யம்னு வச்சு, சக்கரம், குரூப்செட் (கியர், பிரேக் பார்ட்ஸ்), சீட் இதுக்கு மட்டும் என்ன விலை வரும்னு கணக்குப் போடுங்க. உங்க லெட்டர்ல இருக்குற பார்ட்ஸ் லிஸ்ட்டுக்கு நீங்களே 1,100னு எழுதியிருக்கீங்க. அப்புறம் 2,300 எதுக்கு?

போலீஸ் ரிப்போர்ட் வேணாம். இத சிவில் விஷயம்னு சொல்லிடுவாங்க, கோவத்துல நீங்க ரெண்டு வரி கூட்டி எழுதுனா அது உங்க கழுத்துக்கு வரும், பொய் தகவல் குடுக்குறது பீனல் கோடு செக்‌ஷன் 182ல குற்றம். அவரு போட்டோவையும் ஐசியையும் (அடையாள அட்டை) பேஸ்புக்ல போட்டு வைரல் பண்றதும் வேணாம், தயவு செஞ்சு வேணாம். 300 வெள்ளிக்காக ஆரம்பிச்சு மானநஷ்ட நோட்டீஸ் வாங்குனவங்கள நான் பாத்திருக்கேன், அதுல வக்கீல் ஃபீஸே சைக்கிள் விலைய தாண்டிடுச்சு.

நான் சொல்றது செட்டில்மென்ட். சனிக்கிழமைக்கு முன்னாடியே, குரூப்ல இல்லாம தனியா, இத மட்டும் அனுப்புங்க: "அண்ணே, நீங்க விழலன்னு சொன்னத நம்பித்தான் டெபாசிட் போட்டேன். நேர்ல பாத்தப்ப கீறல் இருந்துச்சு. அதனால இந்த வண்டிய நான் வாங்கல. 300 வெள்ளிய ஏழு நாளைக்குள்ள திருப்பி அனுப்புங்க." வேற ஒரு வார்த்தை சேக்காதீங்க, விலை பேசாதீங்க. அவரு 200 தரேன்னு சொன்னா வாங்கிக்குங்க, 150 சொன்னாலும் நான் வாங்கிக்கச் சொல்லுவேன், "கணக்கு முடிஞ்சுது"ன்னு ரெண்டு பேரும் ஒரு வரி எழுதிக்குங்க. ஒண்ணுமே தரலன்னா மேஜிஸ்திரேட் கோர்ட்டுல சின்ன வழக்கு போடலாம், லாயர் தேவையில்ல, ஆனா பாயான் லெப்பாஸ்ல ஷிஃப்ட் வேலை பாக்குறேன்னு எழுதியிருக்கீங்க, ரெண்டு மூணு நாள் லீவு போட்டா எவ்ளோ போகும்னு நீங்களே பாருங்க.

கடைசியா உங்க மச்சான் யோசனை, வாங்கி பெயிண்ட் அடிச்சு 3,000க்கு வேற ஆளுக்கு தள்ளிடலாம்ங்கிறது. அத பண்ணீங்கன்னா செக்‌ஷன் 17ல வேணும்னே மறைச்ச ஆள் நீங்கதான், குதிரைக் கதை உங்களுக்கு உதவாது, கீறல் இருக்குன்னு உங்களுக்கு தெரியும்ங்கிறதுக்கு எனக்கு நீங்க எழுதுன லெட்டரே சாட்சி. வாங்குறவர் அதே இறக்கத்துல விழுந்தா பேச்சு 3,000 வெள்ளியோட நிக்காது.