ஒரே பனையைத் தினமும் வரைவது

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வசிக்கிறேன். இயற்கையைப் பார்த்துத் தினமும் ஒரு படம் வரைவதென்று தொடங்கினேன். ஒரு மாதத்திலேயே வரைய எதுவும் மிச்சமில்லை என்று தோன்றுகிறது. சுற்றிலும் பனையும் தென்னந்தோப்பும்தான். பரம்பிக்குளம் போன்ற காடுகளுக்கு அடிக்கடி போக முடிந்தவர்களுக்குத்தான் இது கைகூடுமா?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பரம்பிக்குளம் அவசியம் போய் வாருங்கள். ஆனால் உங்கள் சலிப்புக்கு அது மருந்தல்ல. நாளுக்கொரு புதுப்பொருள் தேடுவதால்தான் சலிப்பு வந்திருக்கிறது. பனை என்றதும் கை தானாகவே ஒரு விசிறியைப் போட்டுவிடும். அது மனதில் ஏற்கெனவே இருக்கும் பனை. உங்கள் வரப்பில் நிற்கும் பனை கைக்கு வர, அதையே பல நாள் பார்க்க வேண்டும்.

ஒரு மரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் மட்டையின் கருக்கு மட்டும் போதும். அந்தக் கறுத்த பற்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. இந்த ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு ஓலைகளெல்லாம் கிழக்கே ஒதுங்கும். தூக்கணாங்குருவிக் கூடுகளும் பெரும்பாலும் காற்று அறையாத கிழக்குப் பக்கத்தில்தான் தொங்கும். ஆண்குருவி கூட்டைப் பாதி பின்னிவிட்டு, சிறகடித்துப் பெட்டையை அழைக்கும். பெட்டை வந்து பார்த்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் ஆண் நுழைகுழாயை நீட்டி முடிக்கும். பெட்டைக்குப் பிடிக்காத கூடு பாதியிலேயே நின்றுவிடும். எனக்கு அந்தப் பாதிக்கூடுகள்தான் அதிகம் பிடிக்கும். பின்னல் திறந்து கிடப்பதால், எந்த நார் எதற்கு மேலே ஏறி எங்கே நுழைகிறது என்று பென்சிலால் தொடர்ந்து போகலாம்.

உங்கள் கணவாய்க்கு இந்தப் பக்கம், கோவையில் பல ஆண்டுகள் இருந்தவர் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாகத் தாவரப் படங்களை வெளியிட்டார். அவருக்காக வரைந்தவர்கள் ரங்கய்யா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைட் சூட்டினார். அந்தத் தாள்களில் கிளை ஒரு பக்கம், பிளந்த பூ ஒரு பக்கம், விதை ஒரு பக்கம் இருக்கும். ஒரு செடிக்குள்ளேயே அவர்களுக்கு அத்தனை வேலை இருந்தது. உங்கள் பனையில் பாளை, நுங்கு, கொட்டை, கிழங்கு எல்லாம் இன்னும் பாக்கி.

நல்ல தாள் வேண்டியதில்லை. மூலையில் தேதி மட்டும் தவறாமல் எழுதுங்கள். காலை வெயில் ஏறும் முன் உட்காருங்கள். காற்றுக்குத் தாள் பறக்கும், அட்டையின் இரு பக்கமும் கிளிப் போட்டுக்கொள்ளுங்கள்.