மை வாங்கியே மாளவில்லை!

வாசகர் கேள்வி – பதில்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டாலே என் மேசைக்கு வரும் கடிதங்களில் பாதி பிரிண்டரைப் பற்றித்தான் இருக்கும். திருச்சி உறையூரில் 22 வருஷமாக பிரிண்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களிடம் என்ன சொல்வேனோ அதையேதான் இங்கும் சொல்கிறேன்.

கேள்வி: இரண்டு வருஷத்துக்கு முன் 4,000 ரூபாய்க்கு ஒரு கலர் பிரிண்டர் வாங்கினோம். எட்டாவதும் பதினொன்றாவதும் படிக்கிற இரண்டு பிள்ளைகள். மாதம் 150 பக்கம் போல அடிக்கிறோம். கறுப்பு கார்ட்ரிட்ஜ் 1,000 ரூபாய், ஆனால் 200 பக்கம்கூடத் தாண்டுவதில்லை. இதுவரை மைக்குக் கொடுத்த பணத்தில் இன்னும் நாலு பிரிண்டர் வாங்கியிருக்கலாம். எங்கள் பிரிண்டரில் ஏதாவது கோளாறா? வேறு எதை வாங்கினால் செலவு குறையும்?
— வாசகி, கும்பகோணம்

பதில்: கோளாறு எதுவும் இல்லை, சகோதரி. அந்த கார்ட்ரிட்ஜில் வரக்கூடிய பக்கமே அவ்வளவுதான். எச்.பி. 803 கறுப்பு கார்ட்ரிட்ஜுக்கு நிறுவனமே சொல்லும் கணக்கு ஏறத்தாழ 195 பக்கம். 805 என்றால் 120 பக்கம். வாங்கும்போது இதை யாரும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை. பிரிண்டர் விலையைத்தான் சொல்கிறார்கள்.

போன வருஷம் ஓர் அம்மா கடைக்கு வந்தார். "ஆயிரம் ரூபாய் கொடுத்தேனே அண்ணா, இதுக்குள்ள என்னதான் இருக்கு?" என்று கேட்டார். காலியாகிக் கிடந்த கார்ட்ரிட்ஜ் ஒன்றை ஆக்ஸா பிளேடால் அறுத்துக் காட்டினேன். உள்ளே ஒரு சின்ன ஸ்பாஞ்சுத் துண்டு, அவ்வளவுதான். புதிதாக இருக்கும்போது அதில் ஊறியிருக்கும் மை, குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து ஊற்றுகிற 5 மில்லி மூடிக்குள் அடங்கிவிடும். அவர் அந்த ஸ்பாஞ்சை அழுத்திப் பார்த்தார். கறுத்துப்போன விரலைச் சேலைத் தலைப்பில் துடைக்கப் போனவர், சட்டென்று நிறுத்திக்கொண்டு என்னிடம் ஒரு பழைய துணி கேட்டார்.

ஆனால் 1,000 ரூபாய் முழுவதும் மைக்கு என்று நினைக்காதீர்கள். அந்த வகை கார்ட்ரிட்ஜின் அடியில் செம்பு நிறத்தில் ஒரு பட்டை தெரியும். அதை ஒட்டியிருப்பதுதான் மையைத் துளித்துளியாகத் தெறிக்கவிடும் பிரிண்ட் ஹெட். மை தீர்ந்ததும் நல்ல ஹெட்டையும் சேர்த்துக் குப்பையில் போடுகிறோம். அடுத்த கார்ட்ரிட்ஜில் அதற்கும் காசு கொடுக்கிறோம்.

உங்களுக்குத் தேவை இங்க் டேங்க் பிரிண்டர். இதில் ஹெட் பிரிண்டரிலேயே நிலையாக இருக்கும். பக்கத்தில் உள்ள தொட்டியில் பாட்டிலிலிருந்து மையை ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். இது வருவதற்கு முன்பே சென்னை ரிச்சி தெருவில் நாலு டப்பா, நாலு குழாய் என்று ஒரு செட் விற்பார்கள். கார்ட்ரிட்ஜில் துளை போட்டு அந்தக் குழாய்களைச் சொருகுவோம். நானே நூற்றுக்கு மேல் பொருத்தியிருக்கிறேன். குழாயில் கொஞ்சம் காற்று புகுந்தால் ஒரு கலர் நின்றுவிடும். டப்பா சாய்ந்தால் மேசை முழுக்க மை. 2010-ல் எப்சன் இந்தோனேசியாவில் தொட்டியோடு கூடிய பிரிண்டரையே விற்க ஆரம்பித்தது. அப்புறம் கேனான், எச்.பி., பிரதர் எல்லோரும் வந்துவிட்டார்கள். எங்கள் குழாய் வேலையும் அதோடு முடிந்தது. அதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான்.

கணக்கைப் பாருங்கள். எப்சன் 003 கறுப்பு பாட்டிலில் 65 மில்லி மை இருக்கிறது. நிறுவனக் கணக்குப்படி அது 4,500 பக்கம் வரும். கேனான் ஜிஐ-790 கறுப்பு 135 மில்லி, 6,000 பக்கம். ஒரு பாட்டில் 500 ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 4,500 பக்கத்துக்கு 500 ரூபாய் என்றால் பக்கத்துக்கு 11 பைசா. உங்களுக்கு இப்போது ஆவது 5 ரூபாய்க்கு மேல். 500 தாள் கட்டு 275 ரூபாய் என்றால் ஒரு தாளின் விலையே 55 பைசா. அதாவது மையைவிடத் தாள்தான் செலவு. இங்க் டேங்க் வாங்கியவர்கள் மிச்சப்படுத்த வேண்டியது தாளைத்தான். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை.

கம்பெனி சொல்லும் பக்கக் கணக்கை அப்படியே எதிர்பார்க்காதீர்கள். ஒரு தாளில் நூற்றுக்கு ஐந்து பங்கு இடத்தில் மட்டும் மை படுகிற மாதிரியான எழுத்துப் பக்கம்தான் பொதுவான அளவு. உங்கள் பிள்ளை ப்ராஜெக்டுக்காக நீல பார்டர் போட்டு, நடுவில் பெரிதாக மயில் படம் வைத்து அடித்தால் அந்த ஒரு பக்கமே பல பக்கங்களின் மையைக் குடித்துவிடும். அதோடு பிரிண்டருடன் வரும் முதல் பாட்டில்களில் ஒரு பங்கு உள்ளே இருக்கும் குழாய்களை நிரப்பவே போய்விடும். முதல் தடவை சீக்கிரம் தீர்ந்தால் பயப்பட வேண்டாம்.

ஸ்கேனரோடு கூடிய இங்க் டேங்க் பிரிண்டருக்கு 12,000 ரூபாய் போல வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முன்பு கொடுத்ததைவிட 8,000 அதிகம். பக்கத்துக்கு 5 ரூபாய் மிச்சமானால் 1,600 பக்கத்தில் அந்த 8,000 திரும்பிவிடும். மாதம் 150 பக்கம் என்றால் பதினோரு மாதம். வாங்குங்கள், தயங்கவே வேண்டாம்.

எந்த கம்பெனி? நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். ஒன்று, ஹெட்டைக் கழற்றி மாற்ற முடியுமா என்பது. கேனான் ஜி வரிசையிலும் எச்.பி. இங்க் டேங்கிலும் மாற்றலாம். இன்னொன்று, கறுப்பு மை எப்படிப்பட்டது என்பது. சாய மை ஈரம் பட்டால் கலங்கும், நிறமி மை நிற்கும். இந்த வார்த்தைகளெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம். கடையில் ஒரு பக்கம் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷம் கழித்து விரலை நனைத்து எழுத்தின் மேல் தேய்த்துப் பாருங்கள். மழையில் ஹால் டிக்கெட்டோடு ஓடப்போகிற பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருக்கிறார்கள். எப்சன் 003-ல் கறுப்பும் சாய மைதான். ஆனால் படங்கள் அதில் அழகாக வரும். அப்புறம், உங்கள் ஊரில் எந்த கம்பெனிக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற தமிழாசிரியர் நான். செலவு குறையும் என்று இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. மாதம் பத்துப் பக்கம் அடித்தால் அதிகம். இப்போது எழுத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு விழுகிறது. ஹெட் கிளீனிங் பத்துத் தடவை கொடுத்துவிட்டேன். பயனில்லை. மின்சாரம் வீணாகக் கூடாது என்று வேலை முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிடுவேன். நான் செய்த தவறு என்ன?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஐயா, எந்த சுவிட்சை அணைக்கிறீர்கள்? சுவரில் இருப்பதையா, பிரிண்டரில் இருப்பதையா? சுவரில் என்றால் முதல் காரணம் அதுதான்.

பிரிண்டரில் உள்ள பட்டனை அழுத்தி அணைக்கும்போது ஒரு பத்து விநாடி காது கொடுத்துக் கேளுங்கள். 'சர்ர்' என்று ஓடி, 'டக்' என்று ஒரு சத்தம் வரும். ஹெட் ஓரத்துக்குப் போய் ஒரு ரப்பர் மூடியின் மேல் உட்காரும் சத்தம் அது. பேனாவுக்கு மூடி போடுகிற மாதிரி. சுவர் சுவிட்சைப் பட்டென்று அணைத்தால் ஹெட் பாதி வழியில் திறந்தபடி நின்றுவிட வாய்ப்பு இருக்கிறது. தலைமுடியைவிட மெல்லிய துளைகள் அவை. நம் ஊர் வெயிலில் மை அங்கேயே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் பிரிண்டர் பட்டன், அந்த 'டக்' கேட்ட பிறகு சுவர் சுவிட்ச்.

கிளீனிங்கை இனித் தொடர்ந்து கொடுக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் தொட்டியில் இருந்து மையை உறிஞ்சி, பிரிண்டருக்கு அடியில் இருக்கும் பஞ்சு மெத்தையில் கொட்டுகிறது. வேஸ்ட் இங்க் பேட் என்போம். அது நிறைந்துவிட்டது என்று பிரிண்டரின் கணக்கு சொன்னால் வண்டி நின்றுவிடும். பிரித்து பேட் மாற்ற வேண்டியிருக்கும். இதற்கென்று ஒரு பெட்டி வைத்து, அதை நாமே மாற்றிக்கொள்ளும்படி சில மாடல்களில் செய்திருக்கிறார்கள். இன்னும் வாங்காதவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: நாசில் செக் என்று ஒரு பக்கம் அடித்து எங்கே கோடு விட்டுப்போகிறது என்று பாருங்கள். கிளீனிங் அதிகபட்சம் மூன்று தடவை. சரியாகவில்லை என்றால் பட்டனில் அணைத்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். காய்ந்த மை ஊறி இளகுவதற்கு நேரம் வேண்டும். காலையில் மறுபடி ஒரு தடவை. என்னிடம் வருகிற பிரிண்டர்கள் நிறைய இந்த ஒரு ராத்திரியிலேயே சரியாகிவிடுகின்றன. நான் அதற்குக் காசு வாங்குவதில்லை.

சரியானதும் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலு கலரும் உள்ள ஒரு பக்கம் அடித்துவிடுங்கள். கறுப்பு மட்டும் போதாது, மற்ற மூன்றும் காயும். உங்களுக்குப் பிடித்த பாடல்களை வாரம் ஒன்றாகக் கலர் எழுத்தில் அடித்துக் கோத்து வைத்தால் பேரப்பிள்ளைகளுக்கு ஆகும்.

மாதம் பத்துப் பக்கம் மட்டும் அடிக்கிற மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிண்டரே வாங்காதீர்கள். ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு 3 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 30 ரூபாய். பிரிண்டருக்குப் போடும் 12,000 ரூபாயில் 33 வருஷம் ஓட்டலாம். ஆனால் ஆதார், பான் கார்டை கடைக்காரர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி அடித்தால், அவர் போனில் இருந்தும் கம்ப்யூட்டரில் இருந்தும் உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள். கூச்சப்படாதீர்கள்.

வீட்டில் இருந்தே தீர வேண்டும், ஆனால் எப்போதாவதுதான் அடிப்பேன் என்றால் கறுப்பு மட்டும் அடிக்கும் லேசர் பிரிண்டர் வாங்குங்கள். அதில் இருப்பது மை அல்ல, டோனர் என்கிற பொடி. மூன்று மாதம் தொடாமல் வைத்திருந்தாலும் காய்வதற்கு அதில் ஈரமே இல்லை.

கேள்வி: வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். மாதம் 600 பக்கம் கேள்வித்தாள், கறுப்பு மட்டும். லேசர்தான் மலிவு என்கிறார்களே?
— வாசகி, ஓசூர்

பதில்: லேசர் வேகம், எழுத்தும் கூர்மை. மலிவு என்று சொல்ல முடியாது. பிரதர் எச்எல்-எல்2321டி மாடலுக்கான டிஎன்-2365 டோனர் 2,600 பக்கம் வரும். டோனர் விலை 3,000 என்று வைத்தால் பக்கத்துக்கு 1 ரூபாய் 15 பைசா. பொடியைத் தாளில் பதிக்கிற உருளையான டிரம் தனி, அதை 12,000 பக்கத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நம் ஊரில் தெருவுக்குத் தெரு ரீஃபில் செய்கிற எச்.பி. 12ஏ டோனர் ஒரிஜினலில் 2,000 பக்கம். ரீஃபில் செய்தால் செலவு குறையும், ஆனால் பொடி சிந்துவதும் தாளின் ஓரம் கறுப்பதும் ரீஃபில் செய்கிறவர் கையைப் பொறுத்தது.

வாரா வாரம் அடிக்கிறீர்கள், மை காயப்போவதில்லை. ஆகவே கறுப்பு மட்டும் அடிக்கும் இங்க் டேங்க்தான் உங்களுக்கு லாபம். தாளின் இரண்டு பக்கமும் தானாகத் திருப்பி அடிக்கிற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். 600 பக்கத்துக்கு 300 தாள் போதும். மாதம் 165 ரூபாய், வருஷத்துக்கு ஏறத்தாழ 2,000 ரூபாய் தாளிலேயே மிச்சம்.

கேள்வி: எங்கள் தெருக் கடையில் இங்க் டேங்குக்கு 150 ரூபாயில் பாட்டில் கிடைக்கிறது. ஊற்றலாமா?
— வாசகர், மதுரை

பதில்: வேண்டாம் தம்பி. கார்ட்ரிட்ஜ் பிரிண்டருக்கு ரீஃபில் செய்வதை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே பக்கத்துக்கு 5 ரூபாய் போகிறது, ஹெட் கெட்டாலும் அடுத்த கார்ட்ரிட்ஜோடு புது ஹெட் வரும். இங்கே 400 ரூபாய் பாட்டிலுக்குப் பதில் 150 ரூபாய் பாட்டில் வாங்கினால் மிச்சம் 250. அதை 4,500 பக்கத்துக்குப் பிரித்தால் ஒரு பக்கத்துக்கு ஐந்தரை பைசா. அதற்காக ஆயிரக்கணக்கில் விலை உள்ள ஹெட்டைப் பணயம் வைக்கக் கூடாது. சாய மை போட வேண்டிய தொட்டியில் நிறமி மையை ஊற்றி, அது உள்ளே திரிந்து களிம்பு மாதிரி உறைந்துபோன ஹெட்கள் என் கடை டப்பாவில் ஏழெட்டு கிடக்கின்றன.

ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்களா? பிரிண்ட் நன்றாக வந்துகொண்டிருந்தால் பதற வேண்டாம். தீரும்வரை காத்திருக்காமல், தொட்டியில் உள்ள கீழ்க்கோட்டைத் தொடுவதற்குச் சற்று முன்பே அதே மாடலுக்கான ஒரிஜினலை ஊற்றுங்கள். கோட்டுக்குக் கீழே இறங்க விட்டால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். அதை எடுக்க என் மாதிரி ஒருவரிடம்தான் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.