பைக் ரேஸிங்ல ஜெயிக்கறது காசா, திறமையா?

"ரேஸ் ஓட்டுறவன் எல்லாம் பணக்கார வீட்டுப் பசங்கதான், திறமைன்னு பேசுறதெல்லாம் சும்மா"ன்னு உங்க ஃப்ரெண்டு சொன்னதா எழுதி, அது உண்மையான்னு கேட்டிருக்கீங்க. பாதி உண்மை. ஆனா அவர் நினைக்கிற பாதி இல்ல.

காசு இருந்தா வேகமா போகலாம்னு நினைக்கிறோம். நல்ல பைக், நல்ல டயர், நல்ல சஸ்பென்ஷன் ஆளு, இதெல்லாம் காசுதான், இல்லன்னு சொல்லல. ஆனா என்னைக் கேட்டா காசு வாங்கித் தர்ற பெரிய விஷயம் வேற, அது விழுந்துட்டு அடுத்த செஷன்லயே திரும்ப ஓட்டுற வசதி. முன் டயர் எந்த இடத்துல பிடி விடும்னு தெரியணும்னா அந்த இடத்தைத் தாண்டிப் பார்த்தாதான் தெரியும், தாண்டினா விழுவீங்க. 2017ல மோட்டோஜிபில (பைக் ரேஸிங்கோட உச்ச உலகப் போட்டி) ஸ்பெயின் ரேஸர் மார்க் மார்க்கஸ் ஒரே சீசன்ல 27 தடவை விழுந்தாரு, அந்த வருஷம் வேர்ல்ட் சாம்பியனும் அவர்தான். பிராக்டீஸ்ல விழுவாரு, எழுந்து ஓடுவாரு, பிட்ல ரெண்டாவது பைக் ரெடியா நிக்கும், உடைஞ்ச பைக்குக்கு ராத்திரியோட ராத்திரியா ஹோண்டா ஆளுங்க பார்ட் மாட்டிடுவாங்க. அவர் கையிலிருந்து ஒரு ரூபா போகாது. இதே 27 தடவையை ஒரு சாதாரண வீட்டுப் பையன் விழுந்தா என்ன ஆகும்? 27 வேண்டாம், ரெண்டு போதும், அவன் சீசன் முடிஞ்சுது.

சென்னை பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை டிராக்ல கொஞ்ச காலம் மார்ஷலா (டிராக் ஓரமா நின்னு விழுந்தவங்களைத் தூக்கற ஆள்) நின்னிருக்கேன், அங்க இதைக் கண்ணால பார்க்கலாம். பிராக்டீஸ்ல ஒரு பையன் லோ-சைடு ஆகி, அதாவது வளைவுல டயர் பிடி விட்டு பைக்கோட சாஞ்சு, மண்ணுல சறுக்கிப் போனான். பெரிய அடி இல்ல, நாங்க ஓடிப் போய் தூக்குறதுக்குள்ள அவனே எழுந்துட்டான், ஆனா எழுந்தவன் தன் கையைப் பார்க்கல, காலைப் பார்க்கல, நேரா பைக்கைத்தான் பார்த்தான். கிளிப்-ஆன் (ஹேண்டில்) வளைஞ்சிருக்கு, பிரேக் லீவர் பாதி இல்ல, ஃபுட்பெக் (கால் வைக்கிற கம்பி) போயிடுச்சு, ஃபேரிங் (பைக்கோட வெளி மூடி) நீளமா கிழிஞ்சிருக்கு. பேடாக்குல (டீம்கள் டென்ட் போடற இடம்) போய் பார்த்தா அவனும் அவன் மாமாவும் கீழ உக்காந்து ஃபேரிங்ல ஓட்டை போட்டு கேபிள் டை வெச்சு தைச்சுட்டு இருக்காங்க, பக்கத்து டென்ட்ல யார்கிட்டயோ லீவர் இரவல் கேட்டு வாங்கியாச்சு. மத்தியானம் ரேஸ் ஓட்டினான். ஓட்டினான்னு சொல்லலாம், ரேஸ் பண்ணான்னு சொல்ல முடியாது, காலைல முழங்கை வரைக்கும் சாய்ச்ச அதே வளைவுல மத்தியானம் பைக்கை நிமிர்த்தியே வெச்சிருந்தான். இன்னொரு தடவை விழுந்தா அடுத்த ரவுண்டுக்கு வர முடியாதுன்னு அவன் மண்டைக்குள்ள கணக்கு ஓடுது. ரிசல்ட் ஷீட்டைப் பார்க்கிறவங்க "பையன் பரவால்ல, ஆனா தைரியம் பத்தல"ன்னு சொல்லிட்டுப் போவாங்க.

உங்க ஃப்ரெண்டு சொல்றதுல உண்மையான பாதி இதுதான். காசு இல்லாதவனோட திறமை தோத்துப் போறதில்ல, முழுசா வெளியவே வர்றதில்ல. வெளிய வராததை யாரும் கணக்குல எடுக்கவும் மாட்டாங்க.

சரி, அந்தப் பக்கம் பணக்கார வீட்டுப் பசங்க கதை. இதுக்கு ஊரே சொல்ற உதாரணம் செக் நாட்டு காரெல் ஆபிரகாம். அப்பா பேரும் காரெல் ஆபிரகாம்தான், அவர்கிட்ட அப்போ சொந்தமா புர்னோ ரேஸ் சர்க்யூட்டே இருந்துச்சு. கார்டியான்னு குடும்பத்து மருத்துவக் கருவி பிசினஸ் வேற, டீமுக்கும் அந்தப் பேர்தான். பையன் 2011ல மோட்டோஜிபி வந்தாரு, நடுவுல 2016 ஒரு வருஷம் மட்டும் சூப்பர்பைக் (கடையில விக்கிற மாடல் பைக்குகளை வெச்சு நடக்கிற வேற உலகப் போட்டி) போயிட்டு 2019 வரைக்கும் ஓட்டினாரு. அத்தனை வருஷத்துல ஒரு போடியம் (முதல் மூணு இடம்) கூட இல்ல. "அப்பா காசு"ன்னு கலாய்க்காத ஆள் இல்ல.

ஆனா எனக்கு அந்தக் கலாய் பிடிக்காது. 2010 வேலன்சியாவுல மோட்டோ2 (மோட்டோஜிபிக்கு ஒரு படி கீழ) ரேஸ் ஜெயிச்சவர் அவர், அந்த கிளாஸ்ல எல்லாருக்கும் ஒரே ஹோண்டா 600 இன்ஜின், சேஸிஸ்தான் வேற வேற. அங்க அப்பா காசால கடைசி லேப்ல பிரேக் போட முடியாது. 2017 அர்ஜென்டினாவுல பழைய டுகாட்டியை வெச்சு கிரிட்ல (ரேஸ் கிளம்புற வரிசை) மார்க்கஸுக்கு அடுத்து ரெண்டாவதா நின்னாரு. ஆக திறமை இல்லாத ஆள் கிடையாது, உலகத்துல முதல் முப்பது பேருக்குள்ள வர்ற திறமை. பிரச்சனை என்னன்னா மோட்டோஜிபி கிரிட்ல இருக்கிறதே இருபத்திச் சொச்சம் பேர்தான், அந்த இடத்துல அவரை இத்தனை வருஷம் தாங்கிப் பிடிச்சது காசு. மேல ஏத்தி விட்டுச்சு, முன்னாடி கொண்டு போக முடியல.

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். 2019 கடைசியில, கான்ட்ராக்ட் இருந்தும் அவர் ஓட்டிட்டு இருந்த அவின்டியா டீம் அவரைத் தூக்கிட்டு பிரான்ஸ்காரர் ஜோஹான் ஸார்கோவைப் போட்டாங்க. ஸார்கோ அந்த வருஷம்தான் கேடிஎம்ல பைக் செட் ஆகலன்னு ஃபேக்டரி (கம்பெனியோட சொந்த டீம்) சீட்டையே பாதியில விட்டுட்டு வந்த மனுஷன். 2020 ஆகஸ்ட்ல ரேஸ் எங்க தெரியுமா, புர்னோவுல, அதாவது ஆபிரகாம் வீட்டு சர்க்யூட்லயே. ஸார்கோ போல் (கிரிட்ல முதல் இடம்) எடுத்தாரு, ரேஸ்ல பெனால்டி வாங்கியும் மூணாவதா வந்தாரு. நியாயமா சொல்லணும்னா ஆபிரகாமுக்குக் கிடைச்ச பைக்கை விட அது ஒரு வருஷம் புதுசு. இருந்தாலும் அந்த டீமுக்கு அதுதான் முதல் மோட்டோஜிபி போடியம்.

அந்த போடியம்ல நின்ன மூணு பேரையும் பாருங்க. ஜெயிச்சது தென்னாப்பிரிக்கா பிராட் பிண்டர், மோட்டோஜிபில அவருக்கு அது மூணாவது ரேஸ்தான். ரெண்டாவது ஃபிராங்கோ மோர்பிடெல்லி. மூணாவது ஸார்கோ. பிண்டரும் ஸார்கோவும் சின்ன வயசுல ரெட் புல் ரூக்கீஸ் கப்ல ஓட்டினவங்க, ஸார்கோ 2007ல அதோட முதல் சாம்பியன். அந்த கப்ல எல்லாப் பசங்களுக்கும் ஒரே கேடிஎம், பைக்குக்கு அவங்க காசு கட்ட வேண்டாம், செலக்ஷன் மட்டும் பாஸ் பண்ணணும். மோர்பிடெல்லி கதை வேற. மகன் ரேஸர் ஆகணும்னு அப்பா ரோம்ல இருந்து குடும்பத்தோட இத்தாலி ஜாம்பவான் ரேஸர் ரோஸி ஊர்ப் பக்கம் குடி வந்துட்டாரு. பையன் மத்தவங்க மாதிரி மோட்டோ3 (மோட்டோ2க்கும் கீழ் படி) வழியா வரல, செலவு கம்மியான சூப்பர்ஸ்டாக் 600ல ஓட்டி 2013ல சாம்பியன் ஆகி அப்புறம்தான் மோட்டோ2 போனாரு, ரோஸியோட அகாடமிதான் கூட நின்னுச்சு. ஆக மூணு பேர் பின்னாடியும் காசு இருந்துச்சு, ஆனா அது சொந்த வீட்டுக் காசு இல்ல. எவனோ ஒருத்தன் பார்த்து நம்பிப் போட்ட காசு.

இங்கதான் நான் உங்க ஃப்ரெண்டு கட்சியில இருந்து பிரியறேன். பைக்ல திறமையை மறைச்சு வைக்கிறது கஷ்டம். கேசி ஸ்டோனரைப் பாருங்க. ஆஸ்திரேலியாவுல 16 வயசுக்கு முன்னாடி ரோடு ரேஸ் ஓட்ட விட மாட்டாங்கன்னு, அவருக்கு 14 வயசு இருக்கும்போதே அப்பா அம்மா எல்லாத்தையும் வித்துட்டு இங்கிலாந்து போய் கேரவன்ல குடித்தனம் பண்ணாங்க. இளம் ரேஸர்களைத் தேடிட்டு இருந்த ஸ்பெயின் ஆளு ஆல்பெர்ட்டோ புய்க் கண்ணுல பட்டாரு, வழி திறந்துச்சு. 2007ல டுகாட்டியில சாம்பியன் ஆனப்போ "பைக் நல்ல பைக்கு, டயர் நல்ல டயரு"ன்னாங்க. அடுத்த வருஷம் அதே கராஜ்ல அதே டுகாட்டியை மெலான்ட்ரி ஓட்டித் திணறினாரு. ஸ்டோனர் போனப்புறம் 2011, 2012னு ரெண்டு சீசன் ரோஸியே ஓட்டினாரு, ஒரு ரேஸ் கூட ஜெயிக்கல. ரோஸிக்கு இல்லாத காசா, இல்ல டுகாட்டி அவருக்காகச் செலவு பண்ணாமத்தான் விட்டாங்களா? அந்த ரெண்டு வருஷத்துல ஸ்டோனர் ஹோண்டாவுக்குப் போய் 2011ல இன்னொரு டைட்டில் எடுத்துட்டு, 27 வயசுல போதும்டா சாமின்னு ரிட்டயர் ஆயிட்டாரு.

கம்பெனி லெவல்லயும் இப்படித்தான், சுருக்கமா சொல்லிடறேன். ஹோண்டா வருஷத்துக்கு ஏறக்குறைய ரெண்டு கோடி டூ வீலர் விக்கிற கம்பெனி. டுகாட்டி விக்கிறது ஐம்பதாயிரத்துச் சொச்சம் (பின்னாடி ஃபோக்ஸ்வேகன் குரூப் இருக்குங்கறதை மறக்கல). 2024ல நடந்த 20 ரேஸ்ல 19 டுகாட்டிக்கு. அதுக்கு முந்தின வருஷமே மார்க்கஸ் ஒரு வருஷக் கான்ட்ராக்ட் பாக்கி இருக்கும்போது ஹோண்டாவை விட்டுட்டு கிரெசினி டீம்ல போன வருஷத்து டுகாட்டிக்கு மாறிட்டாரு, 2025ல ஃபேக்டரி டுகாட்டியில திரும்ப சாம்பியன். சம்பளத்தை விட்டுக் கொடுத்து பைக்கை வாங்கினாருன்னு சொல்லலாம். ஆனா அதுக்கும் முதல்ல நிறைய சம்பாதிச்சிருக்கணும் இல்ல.

நம்ம ஊர் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா கேள்விக்குக் கீழ "இந்தியாவுல இருந்து ஏன் யாரும் வர்றதில்ல"ன்னும் கேட்டிருக்கீங்க. யாருமே வரலன்னு இல்ல, 2011லயே சென்னைப் பையன் சரத் குமார் 125சிசி வேர்ல்ட் சாம்பியன்ஷிப் வரைக்கும் போனாரு. மஹிந்திரா டீமே வெச்சிருந்தாங்க, இன்னைக்கு ரெண்டு மோட்டோஜிபி டைட்டில் வெச்சிருக்கிற பன்யாயா தன்னோட முதல் கிராண்ட் பிரி ஜெயிச்சதே 2016ல மஹிந்திரா பைக்லதான். பைக் நம்மளது, ஓட்டினவர் இத்தாலிக்காரர். காரணம் சிம்பிள்: ஸ்பெயின்லயும் இத்தாலியிலயும் அஞ்சு ஆறு வயசுல மினி பைக் ஏறி, வார வாரம் ஏதாவது ஒரு சின்ன டிராக்ல விழுந்து எழுந்து, 14 வயசுக்குள்ள விழ வேண்டியதெல்லாம் விழுந்து முடிச்சிடறாங்க. நம்ம பசங்க பல பேர் டிராக்கையே முதல் தடவையா பார்க்கிறது காலேஜ் வயசுல, அதுவும் இருங்காட்டுக்கோட்டை, கோயம்புத்தூர் கரி மாதிரி ஒண்ணு ரெண்டு இடத்துல. அந்த வயசு வித்தியாசத்தை காசு கொட்டினாலும் வாங்க முடியாது, திறமை இருந்தாலும் தாண்டறது ரொம்ப கஷ்டம்.

உங்களுக்கோ தம்பிக்கோ ஓட்டற ஆசை இருந்து கேக்கறீங்கன்னா, சொந்தமா பைக் வாங்கி ரேஸ் செட்டப் பண்றதுல காசைப் போடாதீங்க. டிவிஎஸ் ஒன் மேக், ஹோண்டா டேலன்ட் கப், ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி கப்னு கம்பெனிகளே பைக் கொடுத்து நடத்துற போட்டிகள் இருக்கு, அதுக்கான செலக்ஷனுக்குப் போங்க. எல்லாருக்கும் ஒரே பைக், லேப் டைம் நேரா பேசிடும். கையில இருக்கற காசுல முதல்ல நல்ல லெதர் சூட், ஹெல்மெட், கிளவுஸ், பூட்ஸ், அப்புறம் ஏதாவது ரேசிங் ஸ்கூல். மீதியைத் தனியா எடுத்து வைங்க, பைக்குக்கு இல்ல, லீவருக்கும் ஃபேரிங்குக்கும் காலர் எலும்புக்கும்.