ஓட்டை ஒன்று, வேகம் ஒன்பது

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கொம்பியூட்டர் வயர் சங்கதிதான். நீண்டவற்றைக் கத்தரித்திருக்கிறேன். கடைகளின் பெயர்களை எடுத்துவிட்டேன். ஊருக்குள் நானும் நடமாட வேண்டும்.

கேள்வி: கலியாண வீடியோ எடுப்பவன் நான். வெளியில் கொழுவுகிற எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத வேகமான சேமிப்புப் பெட்டி) ஒன்று வாங்கினேன். செக்கனுக்கு 1000 மெகாபைட் என்று பெட்டியில் போட்டிருக்கு. எனக்கு 38க்கு மேல் ஏறவே இல்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (கிண்ணியா)

பதில்: எஸ்எஸ்டியோடு வந்த சாண் நீள வயர் எங்கே, தம்பி? கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: அது கட்டையாக இருக்கிறதென்று போன் சார்ஜர் வயரைக் கொழுவுவதாக. சார்ஜரோடு வருகிற டைப்-சி வயர்களில் பெரும்பாலானவற்றுக்குள் மின்சாரத்துக்கும் யூஎஸ்பி 2.0க்கும் வேண்டிய கம்பிகள் மட்டுமே இருக்கும். யூஎஸ்பி 2.0 என்பது 2000ஆம் ஆண்டுச் சரக்கு. அதன் வேகம் செக்கனுக்கு 480 மெகாபிட். பெட்டியில் பிட் என்றிருந்தால் எட்டால் பிரியுங்கள். 60 மெகாபைட் வரும். கழிவு போகக் கைக்குக் கிடைப்பது முப்பத்தைந்து, நாற்பது. உங்கள் 38 அச்சொட்டாக அங்கேதான் நிற்கிறது. 200 ஜிபி கலியாணத்தை இப்படி ஏற்ற ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். சரியான வயரை 10 ஜிகாபிட் (ஒரு ஜிகாபிட் ஆயிரம் மெகாபிட்) ஓடுகிற போர்ட்டில், அதாவது ஓட்டையில், கொழுவினால் ஒரு தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் ஏறிவிடும். கடையில் சண்டை பிடித்திருந்தால் போய் மன்னிப்புக் கேளுங்கள்.

கேள்வி: 40 ஜிகாபிட் வயர் வாங்கினால் என் பழைய ஹார்ட் டிஸ்க் வேகமாகுமா? (சீனக்குடா)

பதில்: ஆகாது. சுழலுகிற டிஸ்க் நூறு, நூற்றைம்பது மெகாபைட் தந்தாலே பெரிய காரியம். சட்டியில் உள்ளதுதான் அகப்பையில் வரும்.

கேள்வி: ஒரு கடையில் யூஎஸ்பி 3.0 என்கிறார்கள், அடுத்த கடையில் 3.1, இன்னொன்றில் 3.2. எண் கூடக் கூட விலையும் கூடுகிறது. உண்மையில் எது நல்லது? (தம்பலகாமம், ஆசிரியை)

பதில்: டீச்சர், இந்தக் கேள்விக்காகத்தான் பல நாளாய்க் காத்திருந்தேன்.

2008இல் யூஎஸ்பி 3.0 வந்தது. வேகம் 5 ஜிகாபிட். நீல நாக்குப் போட்ட போர்ட், உள்ளே நாலு பின்னுக்குப் பதில் ஒன்பது. அதுவரை ஒரு குழப்பமும் இல்லை. 2013இல் 10 ஜிகாபிட் வந்தது, பெயர் 3.1. அத்தோடு விட்டிருக்கலாம். பழைய 5 ஜிகாபிட்டையும் இழுத்து வந்து ‘3.1 ஜென் 1’ என்று பெயர் மாற்றினார்கள். 2017இல் 20 ஜிகாபிட் வந்தபோது மறுபடியும் அதே கூத்து. பழைய 5 இப்போது ‘3.2 ஜென் 1’, 10 ஆனது ‘3.2 ஜென் 2’, புதிய 20க்கு ‘3.2 ஜென் 2x2’ என்று பெருக்கல் வாய்பாடு போல ஒரு பெயர். ஆகவே பெட்டியில் 3.2 என்று மட்டும் இருந்தால், அது 2008ஆம் ஆண்டு வேகமாகவும் இருக்கலாம். ஐந்தாம் வகுப்பிலேயே இருக்கிற பிள்ளைக்கு வருஷா வருஷம் புதுச் சட்டை தைத்துப் போட்டு, வகுப்பேற்றம் என்று சொல்வது போலத்தான். உங்கள் பள்ளிக்கூடத்தில் இப்படிச் செய்ய விடுவீர்களா?

இதில் சூடு கண்டவன் நான். 20 ஜிகாபிட் எஸ்எஸ்டி ஒன்றைக் கூட்டிய விலைக்கு வாங்கி வந்து என் லெப்டொப்பில் கொழுவினேன். 10 மட்டும்தான் வந்தது. லெப்டொப்பில் தண்டர்போல்ட் 4 போர்ட் இருக்கிறது, யூஎஸ்பி போல இன்னொரு வேக இணைப்பு; 40 ஜிகாபிட் ஓடுகிற பெரிய தெரு. ஆனால் அந்த 2x2 முறையை அது ஏற்பதில்லை, 10க்கு இறக்கிவிடும். பெரிய தெருவில் எல்லா வண்டியும் ஓடும் என்று நினைத்தது என் பிழை. அதைச் சொல்லாமல் விற்றது கடையின் பிழை.

தண்டர்போல்ட் கணக்கு கொஞ்சம் நேர்மையானது. 2011இல் 10, 2013இல் 20, 2015இல் டைப்-சி ஓட்டைக்கு மாறி 40. 2020இல் வந்த நாலாவதும் அதே 40தான். ஆனால் இரண்டு 4கே திரைகளுக்காவது இடம் தர வேண்டும் என்று குறைந்தபட்சக் கட்டாயங்களைக் கூட்டினார்கள். ஐந்தாவது 80. யூஎஸ்பி4 என்றால் 20ம் இருக்கலாம், 40ம் இருக்கலாம். கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கடையில் பெயரைக் கேட்காதீர்கள், எத்தனை ஜிகாபிட் என்று கேளுங்கள். சொன்ன எண்ணைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம்.

கேள்வி: மகளின் படிப்புக்கு லெப்டொப் வாங்கினோம். “இது தண்டர்போல்ட்” என்று சொல்லி விலை கூடிய டொக் (ஒரு ஓட்டையில் கொழுவிப் பல ஓட்டையாக்குகிற பெட்டி) ஒன்றையும் சேர்த்து விற்றார்கள். மொனிட்டர் வேலை செய்யவில்லை. திருப்பிக் கொண்டுபோனால், உடைத்த பெட்டியை எடுக்க மாட்டோம் என்கிறார்கள். (உவர்மலை)

பதில்: அக்கா, நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓட்டைக்குப் பக்கத்தில் இருப்பது திரிசூலக் குறியும் எஸ்எஸ் என்ற எழுத்தும். கோணேசர் ஊரில் திரிசூலத்தைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடலாம். தண்டர்போல்ட் என்று காசு கொடுக்க முடியாது. அதற்கு அடையாளம், நுனியில் அம்பு வைத்த மின்னல். மொடல் இலக்கத்தைத் தயாரிப்பாளரின் விபரத்திலும் தேடிப் பார்த்தேன்: 5 ஜிகாபிட், அந்த ஓட்டையால் படம் வெளியே வராது. உங்களிடம் ஒரு பிழையும் இல்லை. தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்லி விற்றிருக்கிறார்கள்.

பில்லில் ‘தண்டர்போல்ட்’ என்று எழுதியிருப்பது உங்கள் அதிர்ஷ்டம். பில்லோடும் படத்தோடும் ஒருமுறை போய், எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, 1977க்கு அழைக்கலாம். முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், ஆறப் போடாதீர்கள். அதுவரை மகளுக்கு லெப்டொப்பின் எச்டிஎம்ஐ ஓட்டையில் மொனிட்டரை நேரே கொழுவிக் கொடுங்கள்.

கேள்வி: போனில் விளம்பரம் பார்த்து 2 டிபி பென் ட்ரைவ் 1,900 ரூபாவுக்கு வாங்கினேன். முதல் கொஞ்சப் படம் திறக்குது, மிச்சம் திறக்குதில்லை. (பாலையூற்று)

பதில்: 1,900 ரூபாவுக்கு 2 டிபி! உள்ளே சின்னக் கொள்ளளவுதான் இருக்கும். 2 டிபி என்று பொய் சொல்லும்படி அதன் சிப்பை மாற்றி எழுதியிருப்பார்கள். இடம் முடிந்த பிறகு எழுதியதெல்லாம் காற்றில் எழுதியது. போன படங்கள் வராது. போன மாதமும் இதே கேள்வி, இதே பதில்.

கேள்வி: ஹார்ட் டிஸ்க்கைக் கொழுவினால் வயரில்லா மவுஸ் தடக்குப்படுகிறது. மவுஸ் பழுதா? (நிலாவெளி)

பதில்: இல்லை. யூஎஸ்பி 3.0 ஓடும்போது எழும் இரைச்சல், மவுஸ் பேசுகிற 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையில் விழும். மவுஸின் குட்டி ரிசீவரை நீல போர்ட்டிலிருந்து தள்ளி, மற்றப் பக்கத்தில் செருகுங்கள். முடியாவிட்டால் ஒரு முழ நீட்டு வயர் போதும்.

கேள்வி: 2003இல் எங்கள் வீட்டுக் குடிபுகுதலைச் சின்ன டேப் கேமராவில் எடுத்தோம். அந்த வீடும் அப்பம்மாவும் சுனாமியோடு போய்விட்டார்கள். கேமரா வேலை செய்கிறது. ஃபயர்வயரை (அந்தக் கேமராவின் பழைய வயர் இணைப்பு) யூஎஸ்பிக்கு மாற்றுகிற குட்டி முனை ஒன்று வாங்கினேன். லெப்டொப் ஒன்றையும் காட்டவில்லை. (திருக்கடலூர்)

பதில்: அந்தக் குட்டி முனையை நானும் பம்பலப்பிட்டியில் வாங்கினேன். ஒன்று பழுதானால் உதவும் என்று இரண்டு. ஒரு பக்கம் ஃபயர்வயர், மறு பக்கம் யூஎஸ்பி, நடுவில் வெறும் கம்பி. இரண்டும் வேறு வேறு பாஷை. நடுவில் மொழிபெயர்க்க ஆளில்லை. ஆயிரம் முறை கொழுவினாலும் வராது. விற்கவே கூடாத சாமான்.

உங்களுக்கு வேண்டியது ஃபயர்வயர் கார்ட் போட்ட பழைய மேசைக் கொம்பியூட்டர். பழைய வீடியோக்காரர்களிடம் மூலையில் கிடக்கும், கேட்டுப் பாருங்கள். ஆப்பிள் வைத்திருக்கிற ஆளிடம் போனால், 2025இல் வந்த மெக்ஓஎஸ் 26 ஏற்றாத இயந்திரமா என்று பாருங்கள்; அதில் ஃபயர்வயரை எடுத்துவிட்டார்கள். வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஃபயர்வயர் 400 மெகாபிட், டேப்பிலிருந்து வருகிற படத்துக்கு 25 அளவுதான் வேண்டும். ஆனால் அவசரப்படுத்த முடியாது: ஒரு மணித்தியால டேப் ஒரு மணித்தியாலம் ஓடும், 13 ஜிபி வரும்.

எங்கள் கடற்காற்றுக்கு டேப்பில் பூஞ்சணம் பிடித்திருக்கலாம். கசெட்டின் கண்ணாடியூடாகப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் கேமராவுக்குள் போடவே வேண்டாம், துப்புரவாக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தமாக இருந்தாலும் அப்பம்மா இருக்கிற டேப்பை முதலில் போடாதீர்கள். போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய ஒன்றைப் போட்டு, கேமரா டேப்பைக் கடிக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்பம்மாவின் டேப்பைப் போடுங்கள்.