விசிறி எங்கே வாங்கினீர்கள்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

குமரி மாவட்டத்து மண்டைக்காடு பகவதியம்மன் கோயில் திருவிழாவான கொடை பற்றி நீங்கள் எழுதியதில், சில வருடம் ஒரு பல்கலைக்கழகத்தின் சமயவியல் துறையில் பாடம் எடுத்ததாக ஒரு வரி வந்தது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

என் மகள் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டாள். பி.எட். சேர்க்க விண்ணப்பம் வாங்கி வைத்தேன். அவளோ எம்.ஏ. மத ஒப்பியல் படிக்கப்போகிறாளாம். நாங்கள் சி.எஸ்.ஐ. சபை. போதகராவதற்கான படிப்பா என்று கேட்டால் இல்லை என்கிறாள். சாமி இல்லை என்று சொல்லித்தரும் படிப்பா என்றால் அதுவும் இல்லையாம். என் அம்மாவுக்கு எண்பது வயது. "வேற மதத்துக்குப் போறதுக்காக்கும் படிக்கப் போறா" என்று மூன்று நாளாக ஜெபத்தில் இருக்கிறார். எனக்கு மூன்று கேள்விகள். அங்கே வருடம் முழுக்க என்னதான் செய்வார்கள்? விசுவாசம் போய்விடுமா? வேலை கிடைக்குமா?

டி., குழித்துறை

அன்புள்ள டி.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். வேலை கிடைப்பது கஷ்டம். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யுஜிசியின் நெட் தேர்வில் மத ஒப்பியல் ஒரு பாடமாக இருக்கிறது, ஆனால் தேறியவர்களை உட்காரவைக்க நாற்காலிகள் குறைவு. நான் அங்கே நான்கு வருடம் கௌரவ விரிவுரையாளர். அதில் கௌரவம் மாதாமாதம் வந்தது, சம்பளம் ஒருமுறை ஏழு மாதம் கழித்து வந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம், கேரள எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதும் வேண்டாம். என்னிடம் முதலில் படித்த ஏழு பேரில் ஒருவர் முனைவர் பட்டம் வாங்கினார், ஒருவர் செய்தித்தாளில் இருக்கிறார், ஒருவர் அப்பாவின் ஹார்டுவேர் கடையைப் பார்க்கிறார், ஒருவர் சப்-இன்ஸ்பெக்டர். மற்ற மூவரும் பி.எட். படித்தார்கள். ஆகவே நீங்கள் வாங்கிய விண்ணப்பத்தைக் கிழிக்க வேண்டாம்.

இது போதகர் படிப்பு அல்ல என்று மகள் சொன்னது சரி. செராம்பூர் கிறிஸ்தவ இறையியல் பல்கலைக்கழகம் வழியாக வரும் பி.டி. பட்டம் சபைக்கு ஊழியரை உருவாக்க ஏற்பட்டது. பல்கலைக்கழகத் துறை அப்படியல்ல. நம் அரசியல் சாசனத்தின் 28வது பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமய போதனை கூடாது என்கிறது. அப்படியானால் இந்தத் துறைகள் எப்படி நடக்கின்றன என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு மாணவராவது கேட்பார். போதிப்பது வேறு, மதங்களைப் பற்றிப் படிப்பது வேறு என்று 1964–66இல் இயங்கிய கோத்தாரி கல்விக் குழு பிரித்தது. 1971இல் பஞ்சாபிலிருந்து வந்த டி.ஏ.வி. கல்லூரி வழக்கிலும், 2002இல் அருணா ராய் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அந்தக் கோட்டைத்தான் உறுதிசெய்தது. காகிதத்தில் கோடு தெளிவு. வகுப்பில் அது தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை மாதிரி. டீக்கடை எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதை போர்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வருடம் முழுக்க என்ன செய்வார்கள் என்கிறீர்கள். மற்ற எந்தத் துறையும் போல ஜூனில் ஆள் பிடிப்பார்கள். விடுதியில் எங்கள் பிள்ளைகளுக்கு 'சாமியார் டிபார்ட்மென்ட்' என்று பெயர். பஸ் பாஸ் படிவத்தில் துறைப் பெயரைப் பார்த்த கண்டக்டர் ஒரு பையனை ஃபாதர் என்றே கூப்பிட ஆரம்பித்தார். அவன் பெயர் அப்துல் என்று தொடங்கும்.

முதல் வாரம் புத்தகமே கிடையாது. ஒரே ஒரு பயிற்சி. உன் வீட்டில் நடக்கும் ஏதாவது ஒரு சடங்கை, பார்த்தே இராத ஒருவருக்குச் சொல்வதுபோல மூன்று பக்கம் எழுது. பக்தி, நம்பிக்கை, ஐதீகம் என்ற மூன்று சொற்களும் வரக்கூடாது. எளிதுதான் என்று உட்காருவார்கள். அரைப் பக்கத்தில் பேனா நின்றுவிடும். 'பக்தியோடு கும்பிடுவோம்' என்று எழுதிவிட்டால் மேலே எதையும் பார்க்க வேண்டாமல்லவா? அந்தச் சொல் போனதும்தான் கை எங்கே இருக்கிறது, செருப்பு எங்கே கிடக்கிறது, யார் முதலில் சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் கண்ணில் படும்.

ஒருமுறை ஒரு பெண் சுடலைமாடன் கொடையில் படப்பு, அதாவது படையல், போடுவதை எழுதினாள். வாழையிலை எந்தப் பக்கம் நுனி, சுருட்டு எத்தனை, முட்டையை எங்கே வைப்பார்கள், எல்லாம் துல்லியம். ஆனால் கோழி அறுப்பு இல்லை. உங்கள் ஊரில் அறுப்பதில்லையா என்றேன். தயங்கினாள். "அறுப்பாங்க சார். நீங்க சைவமா இருப்பீங்களோன்னு விட்டுட்டேன்." அன்றைய ஒரு மணி நேரமும் அதிலேயே போயிற்று. கேட்கிறவன் முகத்தைப் பார்த்துத்தான் மனிதர்கள் தங்கள் மதத்தைச் சொல்கிறார்கள் என்பதற்கு எத்தனையோ தடித்த புத்தகங்கள் உண்டு. அவள் ஒரு கோழியில் முடித்துவிட்டாள்.

உங்கள் அம்மாவுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவை சபையார் எல்லாருக்கும் தெரியும். அவர் வந்தது மதம் மாற்றத்தான், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் மாற்றுவதற்கு முன் கேட்க ஆரம்பித்துவிட்டார். கேள்விகளை எழுதி இங்குள்ளவர்களுக்கு அனுப்பினார்கள், தமிழர்கள் பதில் எழுதினார்கள், அப்படி 99 கடிதங்கள் ஜெர்மனில் பெயர்த்து ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்குப் போயின. கடிதமும் பதிலும் என்ற இந்த வேலையை நானும் நீங்களும் தொடங்கவில்லை. 1713இல் அவர் நம் தெய்வங்களின் வம்சாவளியை ஒரு பெரிய நூலாக எழுதினார். ஐயனார், மாரியம்மன், பிடாரி எல்லாரும் அதில் உண்டு. அதற்குத் தலைப்பில் 'மலபார் தெய்வங்கள்' என்றுதான் பெயர், அன்று ஐரோப்பியர்களுக்குத் தமிழனும் மலபாரிதான். இதைச் சொன்னால் எல்லைக்கு இரண்டு பக்கமும் கோபப்படுவார்கள். ஹாலேயில் இருந்து மிஷனுக்குத் துணைநின்ற பெரியவர் ஃப்ராங்கே, உன்னை அனுப்பியது அஞ்ஞானத்தை ஒழிக்க, ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்ற கருத்தில் அதை ஒதுக்கிவைத்தார். நூல் அச்சானது 1867இல், சென்னையில். 154 வருடம் பெட்டியில் கிடந்தது. சீகன்பால்குவின் விசுவாசம் எங்கும் போகவில்லை, அவர் கடைசிவரை மிஷனரிதான்.

என் அனுபவத்தில், கோயில் கமிட்டிச் சண்டையையும் சபைத் தேர்தலையும் பார்த்து விசுவாசம் போனவர்களைத் தெரியும். இந்தப் பாடத்தைப் படித்துப் போனவர் என்று ஒருவரைக்கூடத் தெரியாது.

புரட்டாசியில் நவராத்திரி ஊர்வலம். பத்மநாபபுரத்திலிருந்து தேவாரக்கட்டு சரஸ்வதி யானைமேலும், வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கிலும் திருவனந்தபுரம் போவார்கள். 1956 நவம்பர் 1க்கு முன் அது ஒரு நாட்டுக்குள்ளேயே நடந்த பயணம். இப்போது களியக்காவிளையில் கேரளப் போலீஸ் அணிவகுத்து வரவேற்கிறது. மாணவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தி, எது யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று மட்டும் எழுதச் சொல்வோம். அந்த சப்-இன்ஸ்பெக்டர் இப்போது அங்கே பந்தோபஸ்துக்கு நிற்கிறார். சமயவியல் படித்ததற்கு நேரடிப் பலன் கண்டவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவரே.

டிசம்பரில் கோட்டாறு சவேரியார் திருவிழா, கூடவே செமஸ்டர் பரீட்சை. தக்கலையில் சூஃபி கவிஞர் பீர்முகமது அப்பாவின் தர்காவில், ரஜப் 14 இரவு அவர் எழுதிய ஞானப்புகழ்ச்சியைப் பாடுவார்கள், விடியவிடிய, அத்தனையும் தமிழ். ஹிஜ்ரி கணக்கு வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்வதால் அது ஒரு வருடம் லீவில் வரும், ஒரு வருடம் பரீட்சைக்கு முந்தின நாள் வரும். பல்கலைக்கழகத்துக்கு ஒரு காலண்டர், நாங்கள் படிக்கும் விஷயத்துக்கு மூன்று காலண்டர்.

ஜனவரியில் தரமதிப்பீட்டுக் குழு வந்தது. துறை வாங்கிய காப்புரிமைகள் எத்தனை என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் கணினி ஏற்காது. பூஜ்யம் போட்டோம். அடுத்த கட்டம், அவற்றில் வணிகமாக்கப்பட்டவை எத்தனை. அதற்கும் பூஜ்யம். இதைப் பற்றி மேலும் சொன்னால் எனக்கு வயிற்றெரிச்சல், விட்டுவிடுகிறேன்.

மாசிதான் எங்களுக்கு அறுவடை. மண்டைக்காட்டுக் கொடை, சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் அவதாரதினம், எல்லாவற்றுக்கும் மேல் சிவாலய ஓட்டம். நீங்கள் விளவங்கோட்டுக்காரர், முஞ்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலத்தில் முடியும் பன்னிரண்டு சிவன் கோயில்களையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். காவித்துணியும் பனையோலை விசிறியுமாக நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறார்கள். ஓடுவது சிவனைப் பார்க்க, வாயில் வருவது "கோவிந்தா, கோபாலா".

நான் சொன்ன அப்துல் இதைத்தான் ஆய்வேட்டுக்கு எடுத்தான். முதல் நாள் ரெக்கார்டரோடு திற்பரப்பில் நின்று, சிவன் கோயிலுக்கு ஏன் கோவிந்தா என்று கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டான். ஒருவர், சிவபக்தனான புருஷாமிருகத்திடம் மாட்டிக்கொண்ட பீமன் கோவிந்தா என்று கூவிக்கொண்டே ஓடிய கதையைச் சொன்னார். ஒருவர் "எங்கப்பா அப்படித்தான் ஓடினாரு" என்றார். இன்னொருவர் "கூட ஓடிப் பாரு, தெரியும்" என்று சொல்லிக்கொண்டே ஓடிவிட்டார். மூன்று பதில்களும் சேர்ந்து ஒன்றரை நிமிடம். பையன் சோர்ந்து போய் வந்தான். ஏன் என்று கேட்காதே, எப்படி என்று கேள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த நாள் கல்குளத்தில் குளத்துப் படியில் ஈரத்துணியோடு கால் நீட்டியிருந்த ஒரு பெரியவரிடம், விசிறி எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டான். அவர் முக்கால் மணி நேரம் பேசினார். பிடியில் தொங்கும் இரண்டு துணிமுடிச்சில் எதில் திருநீறு, எதில் காசு. ஒவ்வொரு கோயிலிலும் முங்கி எழும்போது ஓலை நனையாமல் எப்படிப் பிடிப்பது. கடை விசிறி ஏன் ஆறாவது கோயிலிலேயே நரம்பு விட்டுவிடும். அதனால் தான் மட்டும் இருபது வருடமாக ஒரே வீட்டில் வாங்குவது. அந்த வீட்டுக்கு வழியும் சொன்னார்.

போனால் அது ஒரு கத்தோலிக்க வீடு. திண்ணையில் ஓலைக்குவியலுக்கு நடுவே ஒரு பாட்டி. சிவராத்திரிக்கு விசிறி, அது முடிந்த கையோடு குருத்தோலை ஞாயிறுக்கு ஓலைச் சிலுவை. ஒரே கத்தி, ஒரே திண்ணை. சிவாலயம் ஓடும் கோவிந்தன்மாருக்கு முடையும் நாட்களில் அவர் வீட்டில் மீன் வாங்குவதில்லை. ஏன் என்று பையன் மறந்துபோய்க் கேட்டுவிட்டான். "ஓலையில நாத்தம் பிடிச்சிரும்லா" என்றாராம். கொஞ்சம் பொறுத்து, "அவனுவ வெரதம் இருக்குதானுவ, நாமளும் ஒரு மரியாதைக்கு" என்றும். பிறகு ரெக்கார்டரைக் காட்டி, "இதெல்லாம் எழுதினா ஒனக்கு ஆரு மக்களே சம்பளம் தாறது?"

மே மாதம் வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியரும் கிட்டத்தட்ட அதே கேள்வியைத்தான் கேட்டார், கொஞ்சம் கௌரவமான மொழியில். அந்தப் பாட்டி செய்வது நல்லிணக்கமா, வியாபாரமா, நோன்பா என்று ஆய்வேட்டில் முடிவு சொல்லவில்லையே என்றார். பையன், "மூணும் இருக்கு சார், அவங்க பிரிக்கல, நான் எப்படிப் பிரிக்க?" என்றான். மதிப்பெண் சுமாராகத்தான் போட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் மகள் சேருவதற்கு முன்பே அந்த மூன்று பக்கத்தை எழுதிப் பார்க்கட்டும். பாட்டி ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்ததிலிருந்து சபைக் கோயிலில் போய் உட்காருவது வரை. விசுவாசம், பக்தி, ஜெபம் ஆகிய சொற்களுக்குத் தடை. காணிக்கைப் பணத்தை எதில் முடிகிறார், எந்த பெஞ்ச், அங்கே வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் என்ன செய்வார், எல்லாம் வேண்டும். எழுதியதைப் பாட்டிக்கே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எங்கே தவறு என்று அவர்தான் திருத்த வேண்டும். திருத்திய பிறகு ஒரு பிரதி எனக்கு அனுப்பினால் சந்தோஷம்.