ஒன்றரை வயதுக் குழந்தை ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட வேண்டும்? போதுமான அளவு சாப்பிடுகிறானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"ஒரு இட்லி ஊட்ட ஒரு மணி நேரம் ஆகிறது, அதிலும் பாதியைத் துப்பிவிடுகிறான்" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். உங்கள் வீட்டிலும் யாராவது பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காட்டி ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நீங்களும் ராத்திரி படுத்தபிறகு இன்றைக்கு எத்தனை வாய் உள்ளே போனது என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள். நான் ஆறு மாதம் அப்படி எண்ணியிருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. ஒரு பெண் குழந்தையை வளர்த்த அனுபவத்தில், டாக்டர் எனக்கு விளக்கியதை வைத்து எழுதுகிறேன்.

என் மகள் முதல் பிறந்தநாள் வரை பருப்பு சாதத்தைக் குழைத்து நெய் விட்டுக் கொடுத்தால் கிண்ணத்தை வழித்துவிடுவாள். நடக்க ஆரம்பித்ததும் சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது. மாமியார் கண் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். அம்மா மாந்தம் என்றார். நான் பல் முளைப்பதால் இருக்கும் என்று நினைத்தேன். உண்மையான காரணம் எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை. மூன்று கிலோவில் பிறந்த குழந்தை ஒரு வயதில் ஏறத்தாழ ஒன்பது கிலோ ஆகிறது. அடுத்த ஒரு வருடம் முழுக்க ஏறுவது இரண்டரை கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறையத்தான் செய்யும். இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் என் பிள்ளை அவ்வளவு அழுதிருக்க மாட்டாள்.

மொட்டைமாடி, காக்கா, செல்போன் பாட்டு எல்லாம் தீர்ந்தபிறகு பலவந்தம்தான் மிச்சம் இருந்தது. "உனக்கு ஊட்டத் தெரியல, இங்க கொண்டா" என்று மாமியார் காலை நீட்டி, பிள்ளையைப் படுக்கப் போட்டுக்கொள்வார். நான் கையைப் பிடித்துக்கொள்வேன். ரசம் சாதத்தைக் கரைத்துப் பாலாடையில் ஊற்றுவோம். ஒருநாள் ராத்திரி புரையேறி, முகம் சிவந்து, மூக்கு வழியாகச் சோறு வந்தது. உட்காரவைத்து முதுகைத் தட்டியதும் மொத்தமும் வாந்தியாக வந்தது. அதற்கு மறுநாளிலிருந்து எவர்சில்வர் கிண்ணத்தில் கரண்டி படும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். குனிந்து பார்த்தால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருப்பாள். அந்த முகம் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. மாமியாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் நான்கு பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தார், என் மகள்மேல் உயிரையே வைத்திருக்கிறார். கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தானே.

சோறுதான் இறங்கவில்லை, பாலாவது போகட்டும் என்று பாட்டிலைக் கொடுக்க ஆரம்பித்தோம். நாளைக்கு நான்கு பாட்டில், ஒவ்வொன்றும் 200 மில்லி. டாக்டரிடம் போனபோது அவர் சாப்பாட்டு அளவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தடுப்பூசி அட்டையில் இருக்கும் எடை வரைபடத்தைப் பார்த்தார். ஒரு வயதில் ஒன்பது கிலோ, ஒன்றரை வயதில் பத்தே கால். புள்ளிகள் இரண்டும் கோட்டை ஒட்டியே போயிருந்தன. "எடை நல்லாத்தான் ஏறுது. பால் எவ்வளவு குடிக்கிறா?" என்றார். சொன்னேன். பிள்ளையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், வெளுத்திருந்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.8. இந்த வயதில் 11-ஐ ஒட்டி இருக்க வேண்டும் என்றார்.

பசும்பாலில் இரும்புச்சத்து மிகவும் குறைவு. அது வயிற்றையும் நிரப்பிவிடும், மற்ற உணவிலிருந்து இரும்பு உடம்பில் சேர்வதையும் தடுக்கும். இந்த வயதுக்கு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம் என்றார். என் மகள் சாப்பிடாததற்கு நான் கொடுத்த பாலும் ஒரு காரணம் என்று தெரிந்தபோது அங்கேயே அழுதுவிட்டேன். பாட்டிலை நிறுத்தி டம்ளருக்கு மாற்றினோம். இரும்புச்சத்து மருந்து மூன்று மாதம் கொடுத்தோம். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம், பாலோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பாலைக் குறைத்த பத்தாவது நாளோ என்னவோ, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலிருந்து அவளே ஒரு துண்டு தோசையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்கு டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பேருந்து நிலையத்தில் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். 2015-இல் தமிழ்நாடு முழுக்கப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்களே, அதில் ஒன்று அங்கேயும் இருந்தது. பூட்டுப் போட்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே துடைப்பமும் பினாயில் கேனும். வாசலிலேயே ஒரு சின்னப் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். சாவி யாரிடம் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. "பிள்ளைக்கு ஒழுங்காக ஊட்டு" என்று தாய்க்குப் புத்தி சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள், அந்தப் பூட்டைத் திறக்க ஒருவர் கிடையாது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லாததுதான், ஆனாலும் ஆறவில்லை.

சரி, அளவு. ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை நாளைக்கு மூன்று அல்லது நான்கு வேளை உணவு, இடையில் ஒன்றிரண்டு முறை பழமோ சுண்டலோ, ஒரு வேளைக்கு 250 மில்லி கிண்ணத்தில் முக்காலிலிருந்து முழுக் கிண்ணம் வரை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. (சுண்டலை மசித்துத்தான் கொடுக்க வேண்டும். முழுக் கடலை, வேர்க்கடலை தொண்டையில் அடைத்துவிடும்.) நாம் எவ்வளவு எடுத்துவைக்க வேண்டும் என்பதற்கு அந்தக் கணக்கு உதவும். அதைக் காலிசெய்தே ஆக வேண்டும் என்று உட்காராதீர்கள். அந்தக் கணக்கே தாய்ப்பாலும் குடிக்கும் பிள்ளைக்குச் சொன்னதுதான்.

நான் ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பார்த்தேன். திங்கள்கிழமை நாள் முழுக்க அரை வாழைப்பழமும் நாலு வாய் தயிர் சாதமும். செவ்வாய்க்கிழமை காலையிலேயே இரண்டு இட்லி, மதியம் முட்டை, ராத்திரி ஒரு தோசை. புதன் மறுபடி ஒன்றுமில்லை. ஒரு நாளைத் தனியாகப் பார்த்தால் அடிவயிறு கலங்கும், ஏழு நாளையும் சேர்த்துப் பார்த்தால் எல்லாம் இருந்தது. 1920-களில் அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர் பால் மறந்த குழந்தைகளின் முன்னால் முப்பதுக்கும் மேற்பட்ட எளிய உணவுகளை வைத்து, அவர்களே எடுத்துச் சாப்பிட விட்டார். வேளைக்கு வேளை தாறுமாறாகச் சாப்பிட்டும் அந்தக் குழந்தைகள் நன்றாக வளர்ந்தார்கள். ஆனால் அவர் வைத்ததில் சர்க்கரையோ பிஸ்கட்டோ கிடையாது. என்ன வைப்பது, எப்போது வைப்பது என்பது நம் கையில் இருந்தால் போதும். எவ்வளவு என்பதை அவன் வயிறு சொல்லட்டும்.

"அப்படி விட்டால் பிள்ளை பட்டினி கிடந்து நோஞ்சானாகிவிடும்" என்று சொல்பவர்கள் இருப்பார்கள். நான் கவனிக்காமல் விடச் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை அங்கன்வாடியில் எடை போடுங்கள், காசு கிடையாது. இரண்டு மூன்று மாதம் எடை ஏறவே இல்லை, கோடு கீழே இறங்குகிறது, பிள்ளை சோர்ந்தே கிடக்கிறான், உள்ளங்கை வெளுத்திருக்கிறது, விழுங்கும்போதெல்லாம் புரையேறுகிறது என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள்.

இட்லி, சாதம், கஞ்சி எல்லாவற்றையும் கணக்காக எழுதியிருக்கிறீர்கள். பால் எவ்வளவு குடிக்கிறான் என்று மட்டும் எழுதவில்லை. நாளைக்குக் காலையில் முதலில் அதை அளந்து பாருங்கள்.