இருபது வரை சொல்கிறாள், மூன்று கட்டை எடுத்துத் தரத் தெரியவில்லையே?

கேள்வி: என் மகளுக்கு இரண்டு வயது எட்டு மாதம். ஒன்றிலிருந்து இருபது வரை தங்குதடையின்றிச் சொல்வாள். ஆனால் விளையாடும்போது "மூணு கட்டை எடுத்துக் கொடு" என்றால் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுக்கிறாள். ஒரு பயிற்சி மையத்தின் முகவர் வீட்டுக்கு வந்து அவளைச் சோதித்துவிட்டு, "எண் அறிவில் பின்தங்கியிருக்கிறாள், மூன்று வயதுக்குள் சரிசெய்யாவிட்டால் பிறகு கணக்கே வராது" என்கிறார். எண் அச்சிட்ட கட்டைகளோடு ஆறு மாத வகுப்பும் சேர்ந்த ஒரு 'கிட்' வாங்கச் சொல்கிறார். இந்த வாரத்துக்குள் பணம் கட்டினால் தள்ளுபடியாம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்குள் அவர் மறுபடி போன் செய்தாலும் செய்வார்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் மகளுக்கு ஒரு குறையும் இல்லை. இருபது வரை சொல்வது அவளுக்கு ஒரு பாட்டு. பாட்டில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரிந்தா குழந்தை பாடுகிறது? எண்களின் பொருள் வேறு வழியில், ஒவ்வொன்றாக வரும். முதலில் 'ஒன்று' மட்டும் புரியும். ஒரு கட்டை கேட்டால் ஒன்றுதான் தருவாள். இரண்டு கேட்டாலும் ஐந்து கேட்டாலும் ஒரே அள்ளல்தான். சில மாதம் கழித்து இரண்டு பிடிபடும். இன்னும் சில மாதத்தில் மூன்று. அப்புறம் ஒருநாள், எண்ணி முடிக்கும்போது கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தம் என்பது விளங்கிவிடும். இது பெரும்பாலும் மூன்றரை வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையில் நடக்கும். உளவியலாளர் காரென் வின் 1990-லேயே இதே "எடுத்துக் கொடு" விளையாட்டை வைத்து இந்தப் படிகளைக் காட்டிவிட்டார். முகவர் செய்த சோதனையும் அதுதான். சோதிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் விடையைப் படிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. விஷயமே மூன்றரைக்கு மேல்தான் விளங்கும் என்னும்போது, மூன்று வயதில் எந்தக் கதவு மூடுகிறது?

இனி, கட்டையை வைத்து நீங்கள் செய்ய வேண்டியது. பெற்றோர் வழக்கமாக "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தொட்டு எண்ணிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். குழந்தையின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். மூன்றாவது கட்டையைத் தொட்டு "மூணு" என்றால், அந்தக் கட்டையின் பெயர் மூணு என்றுதானே தோன்றும்? எண்ணி முடித்ததும் "எத்தனை?" என்று கேட்டால் பல குழந்தைகள் பதில் சொல்லாமல் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்குவது இதனால்தான். ஆகவே தொகையை முதலில் சொல்லுங்கள்: "இதோ, மூணு கட்டை." அப்புறம் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுங்கள். முடித்ததும் எல்லாவற்றையும் கையால் வளைத்துக் காட்டி மறுபடி "மூணு கட்டை" என்று சொல்லுங்கள். ஒரே அளவு, ஒரே நிறக் கட்டைகளாக இருந்தால் நல்லது. கவனம் நிறத்துக்குப் போகாது.

இப்போதைக்கு இரண்டிலும் மூன்றிலும் அதிகம் இருங்கள். பொம்மைகளை உட்காரவைத்து ஆளுக்கு ஒரு கட்டை கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் கோபுரத்தில் ரெண்டு, அவள் கோபுரத்தில் ரெண்டு, அவள் தன் கோபுரத்தின் மேல் இன்னொன்று வைத்தால் மூணு. இரண்டு குட்டைக் கட்டை சேர்ந்தால் ஒரு நீளக் கட்டையின் அளவு வரும்படி செய்த கட்டைகள் இருந்தால் அவற்றை அவள் கையிலேயே விட்டுவிடுங்கள், தானே பொருத்திப் பார்ப்பாள். 'பாதி' என்று பாடம் எடுக்க வேண்டாம். நான்கு கட்டைகளை நெருக்கியும் நான்கைப் பரப்பியும் வைத்தால் பரப்பியதுதான் அதிகம் என்பாள். பள்ளிக்குப் போகும் வயதுக் குழந்தைகளிலேயே பலர் அப்படித்தான் சொல்வார்கள். திருத்தாதீர்கள்.

சோதித்துக்கொண்டும் இருக்காதீர்கள். "எத்தனை, எத்தனை" என்று துளைத்தால் கட்டையைப் பார்த்தாலே குழந்தை எழுந்து ஓடிவிடும். பேச்சோடு பேச்சாக எண் வந்தால் போதும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் சூசன் லெவைன் குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வில், 14 மாதத்திலிருந்து 30 மாதம் வரை வீட்டில் எண் பற்றிய பேச்சை அதிகம் கேட்ட குழந்தைகள் 46 மாதத்தில் எண்ணின் பொருளை நன்றாக அறிந்திருந்தார்கள். பதிவு செய்யப்பட்டது வீட்டுச் சாதாரணப் பேச்சு. கிட் எதுவும் இல்லை.

அந்த எண் அச்சிட்ட கட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், எனக்கு இதில் தீராத எரிச்சல் உண்டு. 'ஏழு' என்று எழுதியிருக்கும் கட்டை எத்தனை கட்டை? ஒன்று! கையில் ஒன்றைக் கொடுத்து "இது ஏழு" என்றால், இப்போதுதான் ஒன்றையும் இரண்டையும் பிரித்தறியும் குழந்தை என்ன செய்யும்? உருவத்தை மனப்பாடம் செய்யும். முகவருக்கு அது போதும், ஆறு மாதம் கழித்து அட்டையைக் காட்டினால் "ஏழு" என்று சொல்லிவிடுவாள், நீங்களும் பூரித்துப்போவீர்கள். இந்த வியாபாரம் செழிப்பதற்கு நம் பள்ளிச் சேர்க்கை நேர்காணல்களும் காரணம். ஐம்பது வரை சொல்லத் தெரியுமா என்று மூன்று வயதுக் குழந்தையை நிற்கவைத்துக் கேட்கிறார்கள். மதிப்பீட்டுத் தாளில் அதற்கு ஒரு கட்டம். மூன்று கட்டை எடுத்துத் தருகிறதா என்பதற்குக் கட்டம் இல்லை. பல வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன், தாளை அச்சடிப்பவர்கள் காதில் விழவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும்: மொழி. உங்கள் மகள் இருபது வரை எந்த மொழியில் சொல்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. பல வீடுகளில் பாட்டு "ஒன், டூ, த்ரீ". கேட்பது "மூணு கட்டை கொடு". ஒன்று, இரண்டு, மூன்று போன்ற சிறிய எண்களின் பொருளைக் குழந்தை ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியாகத்தான் கற்கிறது. 'டூ' தெரிந்த குழந்தைக்கு 'ரெண்டு' தெரியாமல் இருக்கலாம், அது மந்தம் அல்ல. கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தம் என்ற சூட்சுமம் ஒரு மொழியில் பிடிபட்டுவிட்டால் அது மட்டும் அடுத்த மொழிக்கும் தாவிவிடும். அதனால் "தமிழை நிறுத்துங்கள்" என்று எவராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரே மூச்சில் "டூ கட்டை, ரெண்டு பிளாக்ஸ்" என்று கலக்காமல், ஒரு விளையாட்டை ஒரு மொழியில் முடியுங்கள். அம்மா தமிழ், அப்பா ஆங்கிலம் என்றாலும் சரி. 'மூணு', 'த்ரீ' இரண்டிலும் வேறு வேறு நாளில் கேட்டுப் பார்த்த பிறகுதான் அவளுக்கு எது தெரியும் என்று முடிவுசெய்ய வேண்டும். முகவர் எந்த மொழியில் கேட்டார்?

நான்கரை வயதிலும் இரண்டு கட்டை எடுத்துத் தர முடியவில்லை, அல்லது பேச்சே தாமதம் என்றால் குழந்தைநல மருத்துவரைப் பாருங்கள். பயிற்சி மையத்தை அல்ல.

கடைசியாக, வீட்டிலிருக்கும் கட்டைகளின் அளவைப் பாருங்கள். டாய்லெட் பேப்பர் சுற்றியிருக்கும் அட்டைக் குழாய்க்குள் நுழையும் கட்டை எதுவும் மூன்று வயது ஆகாத குழந்தையிடம் இருக்கக் கூடாது, தொண்டையில் சிக்கும். காந்தக் கட்டை என்றால் விரிசல் விட்டதும் எடுத்துவிடுங்கள். உள்ளிருக்கும் காந்தங்கள் இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலின் சுவர்களுக்கு இடையே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துத் துளையிட்டுவிடும். விழுங்கியிருப்பாளோ என்று சந்தேகம் வந்தாலே, காத்திருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.